தோப்பு வல்லூறு: அதன் வாழ்க்கையும் பழக்கங்களும்

சித்திரை மாதத்தில் ஒரு முற்பகல். வீட்டுக் கொல்லையில் தாய்க்கோழி குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறது; பிறந்து பத்து நாளான குஞ்சுகள் அதனைச் சூழ்ந்து மேய்கின்றன. ஆகாயத்தில் பருந்து ஏதும் வட்டமிடவில்லை. திடீரெனக் கொல்லையோரத்து மாமரத்தினின்றும் சாம்பல் நிறமான ஏதோவொன்று தரையை ஒட்டினாற்போல் பாய்ந்து வருகிறது. தாய்க்கோழி கத்திக்கொண்டு சிறகை விரிப்பதற்குள் குஞ்சுகளில் ஒன்று குறைந்துவிடுகிறது. வீட்டுப் பெண்மணி கையை வீசிக் கூவிக்கொண்டு ஓடிவரும்போது மரத்தின் இலைகள் மட்டுமே அசைகின்றன. முட்டையும் குஞ்சும் விற்று உப்புக்கும் எண்ணெய்க்கும் வழி தேடும் குடும்பத்திற்கு இந்நஷ்டம் அற்பமன்று. ஆதலால் மறுநாள் அவ்வீட்டு வாலிபன் உண்டிவில்லை எடுத்துக்கொண்டு தோப்புக்குச் செல்வதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும், அவன் அடித்து வீழ்த்தப்போவது எந்தப் பட்சி, அது ஆண்டு முழுவதும் அத்தோப்பில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பவற்றை அறிந்த பின்னரே கல்லை எடுப்பதா வேண்டாவா என்று தீர்மானிப்பது முறையாகும்.

அப்பட்சியின் பெயர் வல்லூறு. அதனை வைரி என்று சொல்வாரும் உளர். வடநாட்டார் சிக்ரா என்பர். ஆப்பிரிக்காவில் சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள நாடுகள் தொடங்கி, இந்தியா, இலங்கை, மியன்மார் வழியாகத் தென்சீனம் வரையில் இது பரவி வாழ்கிறது. இலங்கையிலிருந்து கிடைத்த பட்சியைப் பற்றிய குறிப்பைக் கொண்டு க்மெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1788ஆம் ஆண்டில் இதற்குச் சாஸ்திரப் பெயரிட்டார். நெடுங்காலம் ‘அக்கிபிட்டர்’ என்னும் குலத்தில் வைக்கப்பட்டிருந்த இதனை, 2024இல் அறிஞர்கள் ‘டாக்கிஸ்பைசா’ என்னும் குலத்திற்கு மாற்றினர். கோழிக்குஞ்சுகளுக்கு இதனால் ஒரு பேதமும் இல்லை.

அலகு முதல் வால் நுனி வரை அளந்தால் வல்லூறு 10 முதல் 12 அங்குல நீளமே இருக்கும். பார்வைக்குப் புறாவின் அளவு. எடையிலோ புறாவினும் குறைந்தது. ஆண் பறவையின் முதுகு வெளிறிய சாம்பல் நிறம். மார்பும் வயிறும் வெண்மையாய், அவற்றின்மேல் துருவின் நிறத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் நெருக்கமாக ஓடும். தொண்டையின் நடுவே மங்கலான கருங்கோடு ஒன்றுண்டு. வாலில் கருமையான பட்டைகள் இருக்கும். ஆணின் கண் சிவப்பு. பெண்ணின் கண் மஞ்சள் கலந்தது. வேட்டையாடும் பறவைகள் பெரும்பாலானவற்றில் போலவே இதிலும் பெட்டையே உடல் பெரிது. இளம் பறவையோ முதுகு பழுப்பாய், மார்பில் குறுக்குக் கோடுகளுக்குப் பதிலாக நீளவாக்கில் பழுப்புத் துளிகள் உடையதாய் இருத்தலின், அதனை வேறு ஜாதி என்று கருதுவோர் பலர்.

இங்கே ஆள்மாறாட்டம் அதிகம் நிகழ்கிறது. குஞ்சு காணாமற் போனால் ஜனங்கள் பொதுவாகப் ‘பருந்து கொண்டு போயிற்று’ என்பர். கள்ளப்பருந்து வல்லூற்றினும் மிகப் பெரியது. அதன் வால் நுனியில் பிளவுபட்டிருக்கும். அது திறந்த ஆகாயத்தில் வட்டமிட்டுத் தேடும். வல்லூற்றின் சிறகு குட்டையாய் நுனி வட்டமானது, வால் நீண்டது, நாலைந்து முறை விரைவாகச் சிறகடித்துப் பின் சற்று மிதந்து செல்வதே அதன் பறக்கும் முறை. காகமும் கீரியும் குஞ்சு பிடிப்பவையே. அவை செய்த திருட்டும் வல்லூற்றின் தலையில் விழுவதுண்டு.

இதனினும் வருந்தத்தக்க மாறாட்டம் ஒன்றுள்ளது. அக்காக்குயில் என்னும் பறவை அளவிலும் நிறத்திலும் வால் பட்டையிலும் பறக்கும் விதத்திலும் வல்லூற்றை அப்படியே ஒத்திருக்கிறது. சிறு குருவிகளே இதனைக் கண்டு வல்லூறென மயங்கிக் கூச்சலிட்டுத் துரத்துகின்றன. ஆனால் இதற்கு வளைந்த கூரிய அலகுமில்லை, பற்றும் நகமுமில்லை. கால்விரல்களில் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருக்கும். தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடும் இக்குயில் கம்பளிப்புழுக்களை விரும்பித் தின்பது. அவசரப்பட்டுக் கல்லெறிபவன், குஞ்சு திருடாத, பயிருக்கும் மரத்திற்கும் உதவியான இப்பட்சியைக் கொன்றுவிட்டுத் திருப்தியுடன் வீடு திரும்பக் கூடும்.

வல்லூற்றின் உடலமைப்பு முழுவதும் மரங்களுக்கிடையே வேட்டையாடுவதற்கென்றே ஏற்பட்டது. குட்டைச் சிறகு கிளைகளில் சிக்காது நுழையவும், நீண்ட வால் நொடியில் திரும்பவும் உதவுகின்றன. பருந்தைப்போல் இது தன்னை வெளிப்படுத்துவதில்லை. அடர்ந்த இலைகளுக்கிடையே அசையாமல் அமர்ந்து கீழே நோக்கிக்கொண்டிருக்கும். கண்கள் குழியில் அசையாது பொருந்தியிருப்பதால் பார்வையைத் திருப்ப வேண்டுமாயின் தலையையே திருப்புகிறது. இரை தென்பட்டதும் கிளையினின்று சரிந்து இறங்கிப் புதரையும் வேலியையும் மறைவாகக் கொண்டு தாழப் பறந்து, கடைசி நொடியில் கால்களை முன்னே நீட்டிப் பற்றுகிறது. கொல்வது நகம், அலகு கிழிப்பதற்கு மட்டுமே. பிடித்த இரையை மரத்திற்குக் கொண்டுபோய்க் காலின்கீழ் அழுத்திக்கொண்டு, பறவையாயின் இறகுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, துண்டு துண்டாகத் தின்னும். பாய்ச்சல் தவறினால் நெடுந்தூரம் துரத்துவதில்லை. மீண்டும் மரத்தில் ஏறி முன்போல் அமர்ந்துகொள்ளும். ஒவ்வொரு பிடிக்கும் தவறிய பாய்ச்சல்கள் பல உண்டு என்பதைச் சில நாள் பொறுமையாகப் பார்த்தோர் அறிவர்.

தோப்பிலுள்ள மற்ற ஜீவன்கள் இதன் வரவை எவ்வாறு அறிவிக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. அணில் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு விடாமல் கத்தும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து கூச்சலிட்டு எதிர்த்து, அதனை விரட்டியும் விடும். சிறு பறவைகள் இலைச் செறிவுக்குள் பாய்ந்து ஒடுங்கும். குளத்தோரத்துச் சிறு மீன்கொத்தி வல்லூற்றுக்கு அஞ்சித் தண்ணீருக்குள் மூழ்கியதைக் கண்டு எழுதியோரும் உளர். கரிச்சான் குருவியோ ஒடுங்குவதில்லை. வல்லூற்றின் முதுகின்மேல் பாய்ந்து கொத்தித் தோப்பின் எல்லைவரை துரத்திவிடும். அதே கரிச்சான் வல்லூற்றின் ‘கீ-கீ’ என்ற இரட்டைக் குரலை அச்சாகப் போலி செய்து பாடவும் வல்லது. ஆதலின் குரலை மட்டும் கேட்டு வல்லூறு வந்துவிட்டதென்று முடிவு கட்டுதல் கூடாது.

இனி, இதன் ஆகாரம். வெட்டுக்கிளி, தும்பி, ஓணான், பல்லி, அரணை, சுண்டெலி, எலி, அணில், தவளை, சிறு பாம்பு, சிட்டுக்குருவி, தவிட்டுக்குருவி ஆகியவை இதன் இரை. ஐக்கிய சங்கத்தின் பேரேட்டில் வரவையும் செலவையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதுவதுபோல் இப்பட்டியலையும் நேர்மையாகப் பிரித்தெழுதுதல் வேண்டும். வெட்டுக்கிளியும் எலியும் விவசாயிக்கு வரவு. அணிலும் பழத்தோட்டக்காரனுக்கு வரவே. ஆனால் ஓணானும் தவிட்டுக்குருவியும் தாமே பூச்சி தின்பவை. அவற்றைப் பிடிப்பது செலவுப் பக்கம். எலியிலும் ஒரு கழிவு உண்டு: எலி பெரும்பாலும் இரவில் திரிவது, வல்லூறு பகலில் வேட்டையாடுவது. பகலில் வெளிவரும் எலிகளே இதன் பங்கு. இரவு வேலை கூகைக்கும் ஆந்தைக்கும் உரியது. எனவே வல்லூறு விவசாயியின் சம்பளமில்லாக் காவற்காரன் என்று புகழ்வது மிகை. அது தன் வயிற்றுக்காக வேட்டையாடுகிறது. அவ்வேட்டையில் எலியும் கிளியும் குருவியும் எதுவும் அளவுமீறிப் பெருகாமல் தடைப்படுகின்றன. சரியாகச் சொல்லத்தக்கது இவ்வளவே, இதுவும் சிறிதன்று.

ஒரு குறிப்பிட்ட தோப்பிலுள்ள வல்லூறு எதைத் தின்கிறதென்று அறிய விரும்புவோர்க்குச் செலவில்லாத வழியொன்று இருக்கிறது. அது வழக்கமாக அமரும் மரத்தின் கீழே தேடினால் பிடுங்கி எறிந்த இறகுகள் கிடைக்கும். அவற்றைக் கொண்டே எந்தக் குருவியென்று சொல்லிவிடலாம். செரியாத மயிரையும் இறகையும் பூச்சியோட்டையும் இது சிறு உருண்டையாகத் திரட்டி வாயால் கக்கிவிடுகிறது. அவ்வுருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மயிரும் வெட்டுக்கிளியின் காலும் தனித்தனியே தெரியும். ஆந்தையின் உருண்டையில் எலும்புகள் முழுதாகக் கிடைப்பதுபோல் இதில் கிடைக்கமாட்டா. வல்லூற்றினத்தின் வயிற்றுப் புளிப்பு எலும்பின் பெரும்பகுதியைக் கரைத்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் இவ்வுருண்டைகளைப் பொறுக்கிக் குறித்து வருவார்களாயின், அத்தோப்பு வல்லூற்றின் குற்றமும் குணமும் கிராமத்தாரின் கண்முன்னேயே வந்து நிற்கும்.

கோழிக்குஞ்சு அதன் கணக்கில் எப்போது சேர்கிறது? விடை கூடுகட்டும் காலத்தில் அடங்கியுள்ளது. பங்குனி முதல் ஆனி வரையில், அதாவது மார்ச்சு முதல் ஜூன் வரையில், வல்லூறு குடும்பம் நடத்துகிறது. அப்பருவத் தொடக்கத்தில்தான் ஆணும் பெண்ணும் மரங்களுக்குமேல் உயர எழுந்து கூவிப் பறக்கக் காணலாம்; மற்றக் காலங்களில் அது ஒளிந்து வாழ்வதே வழக்கம். மா, புளி, வேம்பு முதலிய மரங்களில் உயரக் கவட்டையில் சுள்ளிகளால் கூடு அமைகிறது. சுள்ளிகளை அலகில் மட்டுமின்றிக் கால்களிலும் பற்றிக் கொண்டுவரும்; இருபாலும் சேர்ந்தே கட்டும். பார்வைக்குக் காக்கைக் கூடு போன்றிருக்கும். உள்ளே புல் பரப்பியிருக்கும். காக்கையைப் போலவே கம்பித் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. சாதாரணமாக 3 அல்லது 4 முட்டை. வெளிர் நீலம் கலந்த சாம்பல் நிறம். தடித்த முனையில் கரும்புள்ளிகள் சில. முட்டைகளை எவரேனும் எடுத்துவிட்டால் மீண்டும் இடும். 18 முதல் 21 நாள் வரை அடைகாக்கிறது. பின்னர்க் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறச் சுமார் ஒரு மாதம் ஆகிறது.

இந்த ஒரு மாதமே கொல்லைக்கு ஆபத்தான மாதம். கூட்டில் மூன்று நான்கு வாய்கள் ஓயாது இரைக்குக் கத்துகின்றன; பெட்டை குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருக்க, பெருமளவு வேட்டை ஆணின்மேல் விழுகிறது. அச்சமயத்தில் திறந்த வெளியில் ஓடத் தெரியாத கோழிக்குஞ்சு எளிதில் அகப்படுகிறது. ஆயினும், புறாவினும் எடை குறைந்த ஒரு பறவை எதைத் தூக்கிச் செல்ல முடியும் என்பதற்கு எல்லை உண்டு. முதல் சில வாரத்துக் குஞ்சுகளே அதற்கு ஏற்றவை. இறகு முளைத்துக் கனத்துவிட்ட குஞ்சை அது தூக்க இயலாது. பெரிய கோழியை வல்லூறு கொண்டுபோயிற்று என்று சொல்லப்பட்டால், வேறு திருடனைத் தேடுவதே உசிதம்.

ஆகவே காவல் வேண்டிய காலம் குறுகியது; அதற்குரிய சாதனமும் கிராமத்திலேயே உள்ளது. முன்னோர் பஞ்சாரம், கொடாப்பு என்று முடைந்து வைத்த கூடைகள் இதற்காகவே ஏற்பட்டவை. முதல் நான்கு வாரமும் தாயையும் குஞ்சுகளையும் முற்பகலிலும் பிற்பகலிலும் அதற்குள் வைத்து, ஆள் அருகிலிருக்கும் வேளையில் மட்டும் திறந்து விட்டால் பெரும்பாலான இழப்பு நின்றுவிடும். பஞ்சாரத்துக்கு மேலே மரநிழலாக அன்றித் திண்ணை நிழலாகப் பார்த்து வைத்தல் நலம். மரக்கிளை வல்லூற்றுக்கு ஆசனமாகும். மேயும் இடத்தில் முட்செடிகளையோ தென்னோலைகளையோ குவித்து வைத்தால், தாய் எச்சரித்த மாத்திரத்தில் குஞ்சுகள் அதன்கீழ் நுழைந்துகொள்ளும். இவையெல்லாம் பாட்டிமார் அறிந்த விஷயங்களே. இப்போது கூடை முடைவோர் குறைந்துபோனமையால் மறக்கப்பட்டு வருகின்றன.

வல்லூற்றின் துணிவு ஒரு காலத்தில் மனிதனுக்கும் பயன்பட்டது. வடநாட்டில் இதனைப் பிடித்துப் பழக்கி வேட்டையாடுவது நெடுநாள் வழக்கம். அரசர் கையில் அமர்ந்தவை விலையுயர்ந்த இராசாளிகள். வல்லூறோ எளியவனின் வேட்டைப் பறவை. விரைவில் பழகுவது, தன்னினும் பெரிய கௌதாரியையும் காகத்தையும் எதிர்த்துப் பிடிப்பது. காடை பிடிக்கச் செல்பவன் இதன் மார்பு உள்ளங்கையில் படியுமாறு ஏந்திச் சென்று, காடை எழுந்தவுடன் ஈட்டி எறிவதுபோல் அதன்மேல் எறிவானாம். இன்று இதெல்லாம் சரித்திரம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வல்லூற்றைக் கொல்வதும் பிடிப்பதும் வீட்டில் வைத்து வளர்ப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

கல்லெறிபவனைக் காட்டிலும் இவ்வினத்திற்கு அதிகக் கேடு செய்தது, அதனைப் பகையாகக் கருதாதவன் கையிலிருந்த மருந்துக் கருவியாகும். இதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு. அங்கே வல்லூற்றுக்கு மிக நெருங்கிய உறவான குருவி வல்லூறு என்னும் காட்டுப் பறவை, 1950களின் பிற்பகுதி தொடங்கிக் கிழக்கு மாவட்டங்களில் ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. விதை நேர்த்திக்குச் சேர்த்த ஆல்ட்ரின், டீல்ட்ரின் என்னும் நஞ்சுகளைத் தின்ற குருவிகளைத் தின்று அவை மாண்டன. மாளாதவற்றின் முட்டைகளோ அடைகாக்கும்போதே நொறுங்கின. பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து ஓட்டின் கனத்தை ஒப்பிட்டுப் பார்த்த ராட்கிளிப் என்னும் அறிஞர், 1940களின் பிற்பகுதியிலிருந்தே ஓடு மெலிந்துவிட்டதென 1967இல் வெளியிட்டார். அது டி.டி.டி. மருந்து வழக்கத்திற்கு வந்த காலம். பூச்சியில் சிறிது, பூச்சி தின்ற குருவியில் அதனினும் அதிகம், குருவி தின்ற வல்லூற்றில் எல்லாவற்றினும் அதிகமாக அந்நஞ்சு கொழுப்பில் சேர்ந்து, ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதைத் தடுத்துவிட்டது. நஞ்சுகள் விலக்கப்பட்ட பின்னர் அப்பட்சி படிப்படியாகத் திரும்பி வந்தது. இந்தியாவில் 1989இல் டி.டி.டி. விவசாயத்திற்கு விலக்கப்பட்டது.

அம்மருந்து போயினும் வேறு மருந்துகள் வந்தன. 1995–96ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் அர்ஜென்டைனா தேசத்து வயல்களில் வெட்டுக்கிளியை ஒழிக்க மோனோகுரோட்டபாஸ் தெளித்தபோது, அவ்வெட்டுக்கிளிகளைத் தின்ன வந்த ஸ்வெயின்சன் பருந்துகள் சுமார் 20,000 மடிந்தன என்று மதிப்பிடப்பட்டது. எதை ஒழிக்க மருந்து தெளித்தார்களோ அதையே பட்சிகள் தின்றுகொண்டிருந்தன என்பதே அவ்விஷயத்தில் கசப்பான பகுதி. தெளித்த வயலில் தள்ளாடும் வெட்டுக்கிளியும் மயங்கிய எலியும் வல்லூற்றுக்கு மற்றவற்றினும் எளிய இரைகள். சங்கத்தின் மூலம் மருந்து வாங்கும் அங்கத்தினர்கள் புழுவின் எண்ணிக்கையைப் பார்த்துத் தேவைப்படும் பாத்தியில் மட்டும் தெளிப்பதும், செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைப்பதும் பணச் செலவையும் குறைக்கும், இம்மரணங்களையும் குறைக்கும்.

மற்றொன்று மரம். வல்லூறு வெட்டவெளியில் கூடு கட்டாது. அதற்கு வேண்டுவது உயரமும் அடர்த்தியும் உள்ள பழைய மரம். ஊர்களில் அத்தகைய மரங்கள் நிலைத்திருப்பது ஐயனார் தோப்பிலும் குளக்கரையிலும் பொதுப் புறம்போக்கிலுமே. அவை ஏலத்துக்கு வருங்கால் பெரும்பாலும் கோடையிலேயே வெட்டு நடக்கிறது. வேலையாட்களுக்கு ஓய்வும் வண்டிக்குக் காய்ந்த பாதையும் அப்போதுதான் கிடைக்கின்றன. கூட்டில் குஞ்சு இருப்பதும் அதே கோடைதான். ஏல நிபந்தனையில் கூடுள்ள மரத்தை மட்டும் ஆடி பிறக்கும்வரை நிறுத்தி வைப்பதென்று ஒரு வரி சேர்ப்பதனால் பஞ்சாயத்துக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. வெட்டுவோன் மற்ற மரங்களை முதலில் வெட்டிக்கொள்ளலாம்.

ஆனி கடைசியில் இளம் பறவைகள் கூட்டினின்று பக்கத்துக் கிளைக்கு இறங்குகின்றன. சில வாரம் வரை அவை அம்மரத்தை விட்டு அதிக தூரம் செல்வதில்லை. தாய் தந்தையர் கொண்டுவரும் ஓணானுக்கும் குருவிக்கும் காலையும் மாலையும் உரக்கக் கத்தி, தாம் இருக்குமிடத்தை ஊருக்கே தெரிவித்துவிடும். கல்லடிக்கு அகப்படுவன பெரும்பாலும் இவையே. பின்னர் ஒருநாள் கத்தல் நின்றுவிடுகிறது. மார்பில் பழுப்புத் துளிகள் உடைய ஒரு புதிய பறவை அடுத்த ஊர்த் தோப்பின் வேலிமேல் அமர்ந்து, வெட்டுக்கிளியை நோக்கிப் பாய்ந்து தவறி, மீண்டும் வேலிமேல் ஏறி அமர்கிறது.